இழுவைப் பரிசோதனையின் வரலாறும் டீசல் லொறிகளின் டேர்போ ஒப்பீடும்

இயந்திரம் ஒன்றின் வலுவை அளத்தல் வேறு. அவ்வியந்திரம் பாரமொன்றை வீதியில் இழுத்துச் செல்லும் ஆற்றலை அளத்தல் வேறு. முன்னையதைத் தொழிற்சாலையின் சோதனை மேடையில் சில மணித்தியாலங்களில் அளந்துவிடலாம். பின்னையதற்கு வீதியும் மலையும் வெயிலும் காற்றும் சாட்சியாதல் வேண்டும். டீசல் லொறிகளிற் பொருத்தப்படும் டேர்போக்களுள் எது சிறந்தது என ஒப்பிட முனைவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றது. அவ்விடர்ப்பாடு புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்தில் நிகழ்ந்த நான்கு பரிசோதனைகளை நோக்கி, அவற்றிலிருந்து இன்றைய ஒப்பீட்டுக்குப் பெறத்தக்க நெறிகளைத் தொகுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்னரே வகுத்த விதி

1829ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், லிவர்பூல் – மாஞ்செஸ்டர் இருப்புப்பாதைக்குரிய நீராவி இயந்திரத்தைத் தெரிவு செய்வதற்கு றெயின்ஹில் என்னுமிடத்திற் போட்டியொன்று நடைபெற்றது. பரிசுத் தொகை 500 பவுண். ஒவ்வோர் இயந்திரமும் தன் எடையின் மும்மடங்கை இழுத்தல் வேண்டும். ஒன்றேமுக்கால் மைல் நீளமான பாதையில் திரும்பத் திரும்ப ஓடி, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு ஈடான 35 மைலை இருமுறை கடத்தல் வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 10 மைலுக்குக் குறைதலாகாது. ‘நொவெல்ற்றி’ என்னும் இயந்திரம் முதல் நாளில் மணிக்கு 28 மைல் வேகத்தில் ஓடி மக்களின் மனத்தைக் கவர்ந்தது. ஆயினும், நெடுந்தூர ஓட்டத்தில் அது பழுதுற்றது. விதித்த தூரத்தை முற்றாக ஓடி முடித்தது ஸ்ரிபன்சனின் ‘றொக்கற்’ மட்டுமே. குறுகிய ஓட்டத்தின் பகட்டு நெடிய உழைப்புக்குச் சான்றாகாது என்பதும், விதிகள் ஓட்டத்துக்கு முன்னரே எழுதப்படல் வேண்டும் என்பதும் றெயின்ஹில் புகட்டும் பாடங்களாகும்.

2. கருவியின் சாட்சியம்

றெயின்ஹில்லில் வேகமும் பாரமும் அறியப்பட்டனவேயன்றி, ஓட்டத்தின் ஒவ்வொரு கணத்திலும் செயற்பட்ட இழுவிசை பதிவு செய்யப்படவில்லை. கணிப்பொறிகளின் முன்னோடியாகப் போற்றப்படும் சாள்ஸ் பபேஜ், 1839ஆம் ஆண்டளவில் கிரேற் வெஸ்ரேண் இருப்புப்பாதையில் வண்டியொன்றினுள் பதிகருவிகளை அமைத்து, இழுவிசையையும் வண்டியின் அதிர்வுகளையும் நகரும் கடதாசிச் சுருளில் எழுதச் செய்தார். பார்வையாளரின் வியப்பைக் கடதாசியிற் படிந்த கோடு பதிலீடு செய்த முறை பின்னர் இருப்புப்பாதைப் பொறியியலில் நிலைபெற்றது.

3. மாற்றம் ஒன்றே

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி 1905இல் டேர்போவின் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் கழிவு வாயு சிறு சுழலியொன்றைச் சுழற்ற, அச்சுழலியோடு பிணைந்த அமுக்கி வளியை நெருக்கி இயந்திரத்தினுட் செலுத்துகின்றது. வளி மிகும்போது மிகுதியான எரிபொருளை முற்றாக எரிக்கலாம், வலுவும் மிகும். அவர் முறையைப் பின்பற்றி, 1920களின் நடுப்பகுதியில் ஜேர்மனியக் கப்பல் இயந்திரங்களின் வலு 1,750 பரிவலுவிலிருந்து 2,500 பரிவலுவாக உயர்த்தப்பட்டது.

டேர்போவின் பயனை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய பரிசோதனை இதற்கு முன்னரே ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றுவிட்டது. 1918இல் சான்போட் மொஸ் என்பார் ‘லிபேட்டி’ விமான இயந்திரமொன்றை லொறியில் ஏற்றி, கொலறாடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 பரிவலுவை ஈந்த அவ்வியந்திரம் மலையுச்சியின் ஐதான வளியில் 230 பரிவலுவையே ஈந்தது. டேர்போ இணைக்கப்பட்டபோது 356 பரிவலு பெறப்பட்டது. அது பெற்றோல் இயந்திரம், லொறியை இழுத்ததுமன்று. எனினும், முறை நோக்கற்பாலது. அதே இயந்திரம், அதே இடம், அதே வளி; மாறியது ஒன்றே. எனவே விளைவுக்குக் காரணம் எதுவென வினவுவதற்கு இடமிருக்கவில்லை.

4. பொது அளவுகோல்

1938இல் சுவிற்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் லொறி இயந்திரத்துக்கு டேர்போவைப் பொருத்தியது. 1954இல் வொல்வோவின் ‘ரைற்றன்’ லொறியின் வலு டேர்போவினால் 150 பரிவலுவிலிருந்து 185 ஆயிற்று. பிற்காலத்தில் அமெரிக்கச் சிறு லொறிகளின் இழுதிறனை ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் முறையில் அளந்து விளம்பரப்படுத்தினர். ஒருவரின் எண்ணை மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிட வாங்குவோருக்கு வழியிருக்கவில்லை.

இக்குறையை நீக்க அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கம் 2008இல் ‘ஜே 2807’ என்னும் நியமத்தை வெளியிட்டது. அரிசோனாவின் 68ஆம் இலக்க நெடுஞ்சாலையில் டேவிஸ் அணைக்கு அருகேயுள்ள 11.4 மைல் நீளமான ஏற்றம் அதன் அளவுகோலாயிற்று. 100 பாகை பரன்ஹைட்டுக்குக் குறையாத வெப்பத்தில், குளிரூட்டியை முழு அளவில் இயக்கியவாறு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாது வாகனம் அவ்வேற்றத்தைக் கடத்தல் வேண்டும். பின்னச்சில் இரட்டைச் சில்லு உடையவற்றுக்கு எல்லை 35 மைல். 12 சதவீதச் சாய்வில் நின்ற நிலையிலிருந்து புறப்படும் சோதனையும் உண்டு. 2011ஆம் ஆண்டு மாதிரிக்கு இந்நியமத்தை முதலில் ஏற்ற ரொயோற்றா நிறுவனம், தன் ‘ருன்ட்றா’ வாகனத்தின் இழுதிறன் எண்ணைக் குறைத்துக் கொண்டது. வாகனம் மாறவில்லை, அளவுகோலே மாறிற்று.

5. ஒப்பீட்டுக்குரிய நெறிகள்

இந்நியமம் வாகனம் தகுதியுடையதா என்பதையே கூறும். இரு டேர்போக்களுள் எது மேலானது என்பதைக் கூறாது. அதற்குப் பைக்ஸ் சிகரத்தின் முறையையும் டேவிஸ் அணையின் வீதியையும் இணைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

முதலாவதாக, லொறியும் பின்னிணைத்த வண்டியும் நிறுத்தறிந்த பாரமும் சாரதியும் பற்சில்லு நிலையும் மாறலாகா. எரிபொருளின் அளவையும் டேர்போவோடு கூட்டிவிட்டால், மிகை வலு எதனால் வந்தது எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே எரிபொருளை மாற்றாது ஒரு சுற்றும், கழிவு வாயுவின் வெப்பநிலைக்கு ஒரே உச்ச எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் ஒவ்வொன்றுக்கும் உகந்தவாறு எரிபொருளைச் சீரமைத்து மறு சுற்றும் நடத்தல் தகும்.

இரண்டாவதாக, சிறிய டேர்போ தாழ்ந்த சுழல்வேகத்திலேயே விரைந்து விழித்தெழும். பெரியது உயர்ந்த சுழல்வேகத்தில் மிகுந்த வளியை ஈயும். நின்ற நிலையிலிருந்து புறப்படுதலை மட்டும் சோதித்தாற் சிறியதும், நெடிய ஏற்றத்தை மட்டும் சோதித்தாற் பெரியதும் வெற்றி பெறக்கூடும். வீதியைத் தெரிபவரே வெற்றியாளரையும் தெரிந்துவிடாதிருக்க, இரண்டையும் சோதித்தல் அவசியமாகும்.

மூன்றாவதாக, டேர்போவைக் கழற்றி மாற்றுவதற்கிடையில் வெயிலும் காற்றும் மாறிவிடும். ஆதலின் முதலாவது, இரண்டாவது, மீண்டும் இரண்டாவது, மீண்டும் முதலாவது என்னும் ஒழுங்கில் ஓடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் வளியின் வெப்பநிலை, அமுக்கம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒரே டேர்போவின் இரு ஓட்டங்களுக்கிடையிலான வேறுபாடு, இரு டேர்போக்களுக்கிடையிலான வேறுபாட்டிலும் பெரிதாயின், அப்பரிசோதனை எதனையும் நிறுவவில்லை என ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

நான்காவதாக, கடந்த நேரத்தோடு, சுழலிக்கு முன்னுள்ள கழிவு வாயுவின் வெப்பநிலையும் அமுக்கமும், உட்செல்லும் வளியின் அமுக்கமும், குளிர்நீரின் வெப்பநிலையும், செலவான எரிபொருளும் இடையறாது பதியப்படல் வேண்டும். மலையை விரைந்து ஏறிய இயந்திரத்தினுள் அலுமினிய ஆடுதண்டு உருகும் நிலையை அண்மியிருக்கலாம். அதனை நிறுத்தக்கடிகை காட்டமாட்டாது. பபேஜின் கடதாசிச் சுருளின் வழிவந்த கருவிகளே காட்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, நான்கு நிகழ்ச்சிகளும் ஓருண்மையையே வலியுறுத்துகின்றன. ஒப்பீட்டின் நம்பகத்தன்மை ஓட்டத்தின் முடிவில் அன்று, ஓட்டத்துக்கு முன் எவை நிலைநிறுத்தப்பட்டன என்பதிலேயே தங்கியுள்ளது. இழுதிறன் எண்ணை நம்பி நீண்ட மலையேற்றத்திற் பாரத்தோடு செல்பவன் அவ்வெண்ணைத் தன் உயிர்ப் பிணையாகவே கொள்கின்றான். ஆதலின் பரிசோதனையைத் திட்டமிடுவோர் தாம் பெற்ற எண்ணை மட்டுமன்றி, அதனைப் பெற்ற வழியையும் வெளியிடுதல் அவர்தம் கடமையாகும்.