மணல் மதிப்பீடு

ஓர் இடத்தைக் குறிப்பிட்ட உயரத்துக்கு நிரப்ப எவ்வளவு மணல் வேண்டும் என்று கணிக்கும் கட்டுமானக் கணக்கு மணல் மதிப்பீடு. தமிழ்நாட்டில் இது கன அடியிலும் யூனிட்டிலும் போடப்படுகிறது. 100 கன அடி ஒரு யூனிட். கன மீட்டரில் 2.83. பரப்பைச் சதுர அடியிலும் உயரத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் யூனிட் கணக்கு வந்துவிடும். 1,000 சதுர அடித் தரையை அரையடி உயர்த்த 500 கன அடி, அதாவது 5 யூனிட். உயரம் அங்குலத்தில் இருந்தால் முதலில் 12-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஈர மணலில் 5 யூனிட் இறக்கினால் அந்தத் தரை நிரம்பாது. மணல் ஈரத்தில் உப்பும். மணிகளைச் சுற்றிப் படியும் மெல்லிய நீர்ப்படலம் பரப்பு இழுவிசையால் அவற்றை நெருங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. ஈரம் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடாக இருக்கும்போது உப்பல் உச்சத்தைத் தொடும். பருமணல் 15 முதல் 20 விழுக்காடும், நுண்மணல் 30 விழுக்காட்டுக்கு மேலும் பெருகும். மணல் முழுதும் நனைந்துவிட்டால் படலம் குலைந்து, உலர்ந்த நிலையின் அளவுக்கே திரும்பிவிடும். ஆகவே 25 விழுக்காடு உப்பிய 5 யூனிட்டில் உள்ளபடி இருப்பது 4 யூனிட்தான். மேற்படி தரைக்கு 6.25 யூனிட் இறக்க வேண்டும்.

உப்பலைக் கண்டறியும் சோதனையை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2386-இன் மூன்றாம் பகுதி (1963) விவரிக்கிறது. நேர்ச்சுவருள்ள பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஈர மணலைத் தளர்வாகக் கொட்டி, மட்டப்படுத்தி, உயரத்தை அளக்க வேண்டும். மணலை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திக் கிளறினால் அது அமிழ்ந்து படியும். முதல் உயரத்தை இரண்டாம் உயரத்தால் வகுத்து வரும் ஈவில் ஒன்றைக் கழித்தால் உப்பல் விகிதம் தெரியும். வீட்டிலேயே செய்துவிடலாம், செய்பவர்தான் அரிது.

நுண்மையைப் பொறுத்து உப்பல் மாறுவதால் மணலின் வகையும் முக்கியம். ஐ.எஸ். 383 (1970) கான்கிரீட் மணலை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. 600 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பங்கு முதல் மண்டலத்தில் 15–34 விழுக்காடு, இரண்டாவதில் 35–59, மூன்றாவதில் 60–79, நான்காவதில் 80–100. நான்காம் மண்டலமே மிக நுண்ணியது.

லாரியில் வரும் மணலைப் பெட்டியின் உட்புற நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் பெருக்கி அளப்பது வழக்கம். மேலே குவித்திருந்தால், கம்பியைப் பல இடங்களில் செருகிச் சராசரி உயரம் எடுக்க வேண்டும். எடைபோட்டு வாங்குவதே நம்பகமானது: 5 விழுக்காடு ஈரம் எடையை அவ்வளவே கூட்டுகிறது, பருமனையோ அதைப்போலப் பல மடங்கு. தளர்வான உலர் மணல் ஒரு யூனிட் சுமார் 4.5 டன்.

நிரப்பும்போது அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குவார்கள். ஆற்று மணலுக்குப் பதில் இன்று பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் பெருமளவில் பயன்படுகிறது; 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 அதையும் ஏற்றது.