பெட்டி பழக்கிய ஊரில் ஒரு மவுத் ஆர்கன்

மதுரைப் பக்கம் யாராவது குரோமாட்டிக் மவுத் ஆர்கன் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்டால், பங்குனி சித்திரையில் ஏதாவதொரு கிராமத் திருவிழாவுக்குப் போய் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். நடிகர்களைவிட, மேடையோரம் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருப்பவரைக் கவனிக்கச் சொல்வேன். வாங்கப்போகிறவர் உதட்டில் வைத்து ஊதப்போவதும் அவர் காலால் துருத்தி மிதித்து வாசிப்பதும் ஒரே குடும்பத்து வாத்தியங்கள்.

பித்தளைத் தகட்டில் நீளவாக்கில் ஒரு துளை. அதன்மேல் ஒரு முனை மட்டும் அறைந்த மெல்லிய நாக்கு. காற்று போனால் நாக்கு துளைக்குள் ஏறி இறங்கி அதிரும். அதுதான் ரீடு. சீனாவின் ஷெங் என்ற மூங்கில் வாத்தியத்தில் இது ஆதிகாலத்திலிருந்தே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்த வாத்தியம் ஐரோப்பாவுக்குப் போன பிறகு அங்கே பலரும் இதைக் கையில் எடுத்தார்கள். 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமம் வாங்கினார். 1857இல் ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். ஆர்மோனியம் பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகளோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. வந்த இடத்தில் அதற்கு நிலையான வீடு கொடுத்தது மதுரை.

அதற்குக் காரணம் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பாலபாடம் கற்றது அங்கேதான். 1922இல் அவர் மறைந்த பிறகும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் ஸ்பெஷல் நாடகமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. தமுக்கம் மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு பேரையும் கட்டிச் சேர்ப்பது ஆர்மோனியப் பெட்டிக்காரர் பொறுப்பு. முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்தில் அவருடைய சுதி ஒன்று, இந்தம்மாவுடைய சுதி வேறொன்று. ஒருவர் பாடி முடித்து அடுத்தவர் வாயெடுப்பதற்குள் பெட்டி அங்கே போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு சுரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

என் பெரியப்பா மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். மாசிக் கடைசியில் திண்ணையில் துணி விரித்துப் பெட்டியைப் பிரித்துப் போடுவார். சுதி விலகிய ரீடைக் கழற்றி, நாக்குக்கு அடியில் சவரத் தகடு ஒன்றைச் செருகிக்கொண்டு, சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், வேரில் சுரண்டினால் இறங்கும். பிறகு ரீடை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். மவுத் ஆர்கன் மேல் எனக்கு ஆசை வந்தது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

ஆர்மோனியத்தில் கமகம் வராது, நம் இசையை அது கெடுக்கிறது என்று பெரியவர்கள் பலர் சொன்னார்கள். தாகூருக்கு அது பிடிக்காது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிறுத்தியது. திருச்சி நிலையம் திறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 1971 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. தோடியின் காந்தாரத்தைப் பெட்டியில் அசைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரம் பேர் கூடிய பொட்டலில், கடைசி வரிசைவரை ஒரு குரலைத் தாங்கிப் பிடிக்க வேறு எந்த வாத்தியம் இருந்தது? நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்குப் பெட்டி வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். வானொலி பெட்டியைக் கைவிட்ட அதே வருஷம் டிசம்பர் 31 அன்று, திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் தியாகி விஸ்வநாத தாஸ் சென்னை மேடையில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் விட்டார். சுதந்திரப் போராட்டத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன பாட்டுகளெல்லாம் இந்த ரீடின் துணையோடு போனவை. அதைத் தரக்குறைவான வாத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மனசு பொறுக்காது.

இப்போது மவுத் ஆர்கனுக்கு வருகிறேன். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் இரட்டை வரிசைத் துளை மவுத் ஆர்கனில் சங்கராபரணம் வரும். ஆதார சட்ஜத்தை மாற்றிக்கொண்டால் கல்யாணி, ஹரிகாம்போதி, கரகரப்பிரியா எல்லாம் எடுக்கலாம். ஆனால் பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் மாயாமாளவகௌளை மட்டும் எங்கே தொடங்கினாலும் வராது. இடைச் சுரங்கள் அதில் இல்லை. குரோமாட்டிக்கில் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எல்லாத் துளையும் அரைச் சுரம் ஏறிவிடும். 12 துளைக்கு 48 ரீடு. சி சுதி வாத்தியத்தில் முதல் துளையை ஊதினால் சட்ஜம், பொத்தானை அமுக்கி அதையே ஊதினால் சுத்த ரிஷபம். மூன்றாம் துளை பஞ்சமம், அதையே அமுக்கினால் சுத்த தைவதம். மற்றதற்குப் பொத்தான் வேண்டாம். மாயாமாளவகௌளை முழுசாக வந்துவிடும். பெட்டியில் முடியாத ஒன்றும் இதில் முடியும்: வாய்க்குள் நாக்கின் இடத்தை மாற்றி மூச்சை அடக்கினால் சுரம் கொஞ்சம் கீழே வளையும்.

வாங்கும்போது பிளாஸ்டிக் உடல் உள்ளதாகப் பாருங்கள். மர உடல் எச்சில் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். ரீடின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தடுப்பிதழ்கள், வாத்தியம் மூச்சைவிடக் குளிர்ந்திருந்தால் ஈரம் படிந்து ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானலில் அந்தத் தொல்லை உண்டு. மதுரை வெயிலில் அது அபூர்வம்.

12 துளையா 16 துளையா என்பதை உங்கள் சுதிக் கட்டை முடிவு செய்யும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தானே கச்சேரி வித்வான்களும் சுதி சொல்கிறார்கள். ஒரு கட்டைக்காரருக்கு 12 துளையில் சட்ஜத்துக்குக் கீழே ஒரு சுரமும் கிடைக்காது. அவருக்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து தொடங்கும் 16 துளைதான் சரி. அந்தக் காலத்து ராஜபார்ட்டுகளுக்கு நாலு கட்டை, ஐந்து கட்டை சர்வசாதாரணம். நாலு கட்டை என்றால் இரண்டாம் துளையை உறிஞ்சுவது சட்ஜம், முதல் துளையை ஊதுவது மந்தர பஞ்சமம். அதற்கு மேல் இரண்டு ஸ்தாயிக்கும் கூடுதலாக இடம் இருக்கும். வள்ளி திருமணப் பாட்டு வாசிக்க ஆசைப்படுபவர் 12 துளையே வாங்கலாம்.