கணினிக்குள் ஒரு தாளம்

கணினிக்கு இசைக்கக் கற்றுக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் மாக்ஸ் மாத்யூஸ். 1957இல் அவர் எழுதிய ‘மியூசிக்’ என்னும் மென்பொருளைக் கொண்டு, அறையையே அடைத்துக்கொள்ளும் ஐபிஎம் 704 கணினி 17 விநாடி இசைத்தது. தமிழ்த் திரையில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். அப்போதும் அந்தக் கருவிகள் ஏழைக்கு எட்டாக்கனியே.

1997இல் பெல்ஜியத்தில் ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ உருவானது. அதற்குச் சாதாரண வீட்டுக் கணினி போதும். திரையில் வரிசைக்கு 16 கட்டங்கள்; ஒரு வரிசை ஒரு வாத்தியம். தொட்ட கட்டத்தில் அடி விழும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையை, ஒன்றுக்கு இரண்டு கட்டமாக வைத்துப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்.

ராப் பாட்டுக்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டாம். தாளமும் கூர்மையான சொல்லும் போதும். கோலாலம்பூரின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு தமிழ்நாட்டிலும் ஒலித்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் கிள்ளான், கோலாலம்பூர் அடுக்குவீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது தப்பும் உறுமியும் கூடவே வந்தன. தாலாட்டும் ஒப்பாரியுமோ பாட்டிமாரோடு மறைந்து வருகின்றன. அவற்றைப் பதிந்து வைக்க, 2000இல் வெளிவந்த ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

பெற்றோரே, பிள்ளை கணினியில் தாளம் போட்டால் விளையாட்டு என்று விரட்டாதீர்கள். முதலில் பாட்டியின் குரலைப் பதியச் சொல்லுங்கள். தாளத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.