பார்த்தவர் சொல்லிக் கேட்டது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஓசூர் அடங்கிவிடும். எங்கள் வீட்டு ஹாலில் மட்டும் அமெரிக்காவில் நல்ல மத்தியானம். அக்கா மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவன். விடுமுறையிலும் தூக்கம் வராது. அவனுடைய வாடிக்கையாளர்கள் திங்கட்கிழமை போனில் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிப்பார்களாம். பேச்சுக்குத் துணையாகப் பார்க்க ஆரம்பித்தவன் இப்போது பைத்தியமாகிவிட்டான். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், முட்டை மாதிரி ஒரு பந்து. காலால் உதைப்பது எப்போதாவதுதான். அதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என எதிர்வீட்டு ஃபிட்டர் தாத்தா வாராவாரம் கேட்பார். அவனும் வாராவாரம் பதில் சொல்வான்.

ஃபிட்டர் தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயது. பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது அல்சூர் பக்கம். இங்கே மனை விலை குறைவாக இருந்த காலத்தில் எல்லை தாண்டி வந்து வீடு கட்டிக்கொண்டார். அன்றைக்கு டிவியில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்கள் யார் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஜிம் பிரவுன், ஜெர்ரி ரைஸ், டாம் பிரேடி. ஒவ்வொரு பெயருக்கும் பழைய படத்துண்டு ஒன்று. ஜிம் பிரவுன் ஒன்பதே சீசன் ஆடியவர், பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 12,312 கெஜம் என்று பையன் மனப்பாடமாகச் சொன்னான். அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"தாத்தா, நீங்க பாத்ததுலயே பெரிய பிளேயர் யாரு?"

தாத்தா யோசிக்கவே இல்லை. "அருமைநாயகம்."

"யாரு?"

"பேபி டாக்ஸிடா. கல்கத்தாக்காரன் வச்ச பேரு. ஆள் இத்துனூண்டு இருப்பாரு. சந்துபொந்துல எல்லாம் பூந்து போவாரு." எழுந்து நின்று பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, அதைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போவார் என்று இடுப்பை ஒடித்துக் காட்டினார்.

பையன் அதற்குள் போனில் தேடிவிட்டான். "வீடியோவே இல்லையே தாத்தா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சில மாதங்களாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. எட் சேபல் என்று ஒருவர், மேல்கோட்டு வியாபாரம் செய்தவர். கல்யாணப் பரிசாக வந்த கேமராவில் தன் மகன் பள்ளியில் ஆடும் ஆட்டங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில் 1962 சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் படம் பிடிக்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கினார். டிசம்பர் 30, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். குளிரில் கேமராக்கள் உறைந்துபோயின. ஆனாலும் படம் வந்தது. பிறகு லீகே அவருடைய கம்பெனியை எடுத்துக்கொண்டது. இன்று நாம் பார்க்கிற மெதுவாகச் சுழலும் பந்து, வாயிலிருந்து கிளம்பும் புகைமூச்சு, பின்னணியில் கனத்த குரல் எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. நேரில் ஒரு ஆட்டமும் பார்க்காத என் அக்கா மகனுக்கு ஜிம் பிரவுன் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தெரிவது இதனால்தான்.

அமெரிக்காக்காரன் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டான் என்றும் சொல்ல முடியாது. 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பௌலை இரண்டு டிவி நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டுமே டேப்பை அழித்துவிட்டன. சேபலின் கேமராக்கள் தனியாக எடுத்திருந்த துண்டுகளை ஒட்டித்தான் 2016-ல் அந்த ஆட்டத்தை மறுபடி காட்டினார்கள். ஒரு கோட்டு வியாபாரிக்குப் பைத்தியம் பிடித்திருக்காவிட்டால் அங்கேயும் பாதி போயிருக்கும்.

அதே 1962-ல், செப்டம்பர் 4-ம் தேதி, ஜகார்த்தாவில் இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் அடிபட்டுத் தையலோடு முன்வரிசைக்குப் போன தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் ஒரு கோல். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் விமர்சித்ததால் அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். கோலில் பீட்டர் தங்கராஜ், வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் அணியில் ஆடி வளர்ந்தவர். தங்கம் வென்ற அந்தக் குழுவில் பெங்களூர் அருமைநாயகமும் ஒருவர். இந்தியாவில் அப்போது டெல்லியில் மட்டும்தான் டிவி, அதுவும் பரிசோதனை அளவில். மெட்ராஸுக்கு டிவி வந்தது 1975-ல். பெங்களூருக்கு 1981-ல். ஆக, நம் கால்பந்தின் ஆகப் பெரிய நாளை நம் ஊர்ச் சனம் காதால்தான் பார்த்தது.

அருமைநாயகம் தனி மரம் இல்லை. அவர் வந்த இடத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

1809-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு பெங்களூருக்கு மாறியது. தண்டு என்று நம் ஆட்கள் சொல்லும் கன்டோன்மென்ட் அப்படி உருவானது. ராணுவத்தோடு வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் தமிழ்ச் சனம் வந்தது. சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், கான்டிராக்டர், தோல் வேலைக்காரர், வண்டிக்காரர். 1881-ல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும் தண்டை மட்டும் வெள்ளைக்காரன் தன் கையில் வைத்துக்கொண்டான், 1947 வரைக்கும். அதாவது ஒரே ஊருக்குள் இரண்டு அரசாங்கம். பேட்டையில் கன்னடம், தண்டில் தமிழும் உருதும். எல்லை என்றால் அத்திபெலே செக்போஸ்ட் என்று நினைத்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பெங்களூரே நடுவில் எல்லை வைத்திருந்த ஊர்தான்.

தண்டில் வெள்ளைக்கார ரெஜிமென்ட்டுகள் பூட்ஸ் போட்டு ஆடின. வேலி ஓரம் நின்று பார்த்த பையன்கள் வெறுங்காலில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். வெறுங்காலுக்குப் பந்து ஒட்டும், பூட்ஸுக்கு முட்டும் என்று தாத்தா சொல்வார். 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. அதுவரை பட்டாளத்து அணிகளே எடுத்துப்போன கோப்பையை வாங்கிய முதல் இந்திய அணி அதுதான். மறுவருஷமும் அவர்களே.

1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஜூலை 31, இல்ஃபோர்ட் மைதானத்தில் பிரான்ஸோடு ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். இரண்டு பெனால்டியை வீணடித்து 2-1 என்று தோற்றோம். நம்முடைய அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூர் அணியிலிருந்து போன சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அது. கோல்கீப்பர் வரதராஜ், முன்வரிசையில் வஜ்ரவேலு, அகமது கான், நடுவில் பஷீர் எல்லோரும் பெங்களூர் வட்டாரம்தான். 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நசுக்கியது. அந்த ஒன்றை அடித்தவர் அகமது கான். தேசம் ஆடிய முதல் இரண்டு ஒலிம்பிக்கிலும் தேசத்தின் கோல் இரண்டே. இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்கிற தெருக்களிலிருந்து போன கால்கள் அடித்தவை. பள்ளியில் விளையாட்டுப் பொது அறிவுக்குப் பரிசு வாங்கியவன் நான். நாற்பது வயதுக்கு மேல்தான் இது எனக்குத் தெரிய வந்தது.

ஏன் தெரியவில்லை? நான் யோசித்துப் பார்த்தது இது. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் ஆடியது மைசூர் பெயரில். பணமும் பெயரும் கிடைத்தது கல்கத்தாவில். அகமது கான் 1949-ல் ஈஸ்ட் பெங்கால் போனார். அவரும் அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே நால்வரும் சேர்ந்த முன்வரிசைக்குக் கல்கத்தாக்காரர்கள் பஞ்சபாண்டவர் என்று பெயர் வைத்தார்கள். ஐவரும் தெற்கத்திக்காரர்கள். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அருமைநாயகம் மோகன் பகானில் ஆடினார். வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் பந்து பழகிய பூங்கம் கண்ணன் இரண்டு கிளப்புக்கும் ஆடினார். டெட்மார் கிராமர் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் அவரை ஆசியாவின் பீலே என்றார். கிராமர் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. பின்னாளில் பேயர்ன் மியூனிக்குக்கு 1975, 76 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கண்ணன் கல்கத்தாவிலேயே தங்கி, 2019-ல் அங்கேயே செத்துப்போனார்.

1956 நவம்பரில் மொழிவாரியாகக் கோடு போட்டபோது ஓசூர் மெட்ராஸ் மாநிலத்திலேயே இருந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுகிற ஊருக்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. தண்டுத் தமிழர்களுக்கு அந்தப் பக்கம். கர்நாடகத்தின் கதையைச் சொல்கிறவர்களுக்கு இவர்கள் தண்டுக்காரர்கள். தமிழ்நாட்டுக் கதையைச் சொல்கிறவர்களுக்கு மைசூர்க்காரர்கள். கல்கத்தாக்காரனுக்கு மட்டும் எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. பார்த்தான், கத்தினான், செல்லப்பெயர் வைத்தான். தமிழில் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. கிரிக்கெட்டுக்கு நாம் செலவழித்த காகிதத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும், எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்கத்தா போகாதவர்களைக் காப்பாற்றியவை பெங்களூரின் அரசுத் தொழிற்சாலைகள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்றவை பந்தாடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்தன. காலையில் லேத், சாயங்காலம் மைதானம். பென்ஷன் உண்டு என்பதால் அம்மாக்கள் பிள்ளைகளை ஆட விட்டார்கள். மைசூர் அணி 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து சந்தோஷ் கோப்பையை ஜெயித்தது, இரண்டாவது முறை சொந்த ஊரிலேயே வங்காளத்தை எதிர்த்து. மறுபடி கர்நாடகம் அதைத் தொட்டது 2023 மார்ச்சில், சவூதியின் ரியாத்தில். நடுவே 54 வருஷம். எழுபதுகளில் சிப்காட் வந்து, எண்பதுகளில் மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்து ஓசூர் பெருத்தபோது பெங்களூர்த் தமிழர்கள் பலர் வேலைக்கு இங்கே வந்தார்கள். அவர்களோடு அந்த ஆட்டம் வரவில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஒரு மைதானம் இருந்தது, இரண்டு கம்பங்களோடு. மூன்றாவது வருஷம் அது கான்டிராக்ட் ஆட்களின் பஸ் நிற்கும் இடமாகிவிட்டது. கான்டிராக்டில் வருகிறவனுக்கு ஷிஃப்ட் முடிந்தால் பஸ் பிடிக்கத்தான் நேரம் இருக்கும். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. நானும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு தாத்தாவிடம் போனேன். அருமைநாயகத்தை எந்த மைதானத்தில் பார்த்தீர்கள், எந்த வருஷம், யாரோடு ஆட்டம் என்று நோட்டை வைத்துக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில் அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க பாத்தேன் தம்பி" என்றார். "எங்கப்பா பாத்தாரு. சாப்பர்ஸ் லைன்ல கூலி வேலை. மேட்ச் இருந்தா அன்னிக்குக் கூலி போனாலும் பரவால்லன்னு போவாரு. வந்து எங்களுக்கு ஆடிக் காட்டுவாரு. வீட்ல நாற்காலி ஏது. எங்கம்மாவை நடுவுல நிக்கச் சொல்லி சுத்திட்டு ஓடுவாரு."

"அன்னிக்குப் பாத்தேன்னு சொன்னீங்களே?"

"அதைத்தானே பாத்தேன்."

அவர் மனைவி தலையைத் தூக்காமல், "அம்பது வருசமா எங்கிட்டயும் பாத்தேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். அல்சூரில் கௌதமபுரம். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு அங்கே பீலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுகிற இடம். உலகக்கோப்பை வந்தால் தெருவே மஞ்சளும் பச்சையும் ஆகிவிடும். பையன் சிலையோடு படம் எடுத்துக்கொண்டான். தாத்தா பக்கத்தில் போகவில்லை. எதிரே டீக்கடை ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீலேயை எல்லாரும் படத்துல பாத்துட்டாங்க, இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது அத்திபெலேயில் வழக்கமான நெரிசல். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பையன் திடீரென்று, "தாத்தா, உங்கப்பா எந்தப் பக்கம் சுத்திட்டுப் போவாரு, இடதா வலதா?" என்றான். பஸ் நிற்பதும் நகர்வதுமாக இருந்தது. தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்டக்டர் கன்னடத்தில் உட்காருங்கள் என்று சத்தம் போட்டார்.