அறையில் ஒரு தோட்டா: மறைத்துச் சுமக்கும் கைத்துப்பாக்கியில் பாதுகாப்பு இடம் மாறிய வரலாறு

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர் ஒவ்வொரு நாளும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். மேகசின் நிறையத் தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் குழலின் பின்னுள்ள அறைக்குள் ஏற்றி, விசையை இழுத்தவுடன் சுடும் நிலையில் வைத்துக்கொள்வதா? அல்லது அறையைக் காலியாக விட்டு, ஆபத்து நேரும்போது ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை ஏற்றிக்கொள்வதா? அந்நாட்டுப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் இன்று முதல் வழியையே சொல்கிறார்கள். காலி அறையோடு செல்பவரைப் பயிற்சி போதாதவர் என்று கருதும் மனப்போக்கும் அவர்களிடையே பரவலாக உண்டு. இந்தக் கருத்து எப்படி உருவாகி நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏறக்குறைய 150 ஆண்டுகளில், தவறுதலாகச் சுடாமல் காக்கும் பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கவில்லை. முதலில் அது காலி அறையில் இருந்தது. பிறகு வெளியே தெரியும் நெம்புக்கும், அதன்பின் துப்பாக்கியின் உள்ளுறுப்புகளுக்கும் போனது. கடைசியில் துப்பாக்கியைவிட்டே வெளியேறி, அதைத் தாங்கும் உறையையும் சுமப்பவரின் விரலையும் சார்ந்து நின்றது. ஏற்றிய அறையோடு செல்லும் வழக்கம் தோன்றியது நல்ல உறையும் இடைவிடாத பயிற்சியும் வாய்த்தவர்களிடம். அவை இல்லாத ஏராளமானோரிடம் இன்று வழக்கம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே என் வாதம்.

இந்த வரலாற்றை ரிவால்வரிலிருந்து தொடங்க வேண்டும். 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஆறு அறைகள். சுத்தி கீழே இறங்கியிருக்கும்போது அதன் முனை நேரே தோட்டாவின் பிரைமர் மீது படிந்திருக்கும். துப்பாக்கி தரையில் விழுந்து சுத்தியில் அடிபட்டாலே குண்டு பாயும். சுத்தியைச் சற்று உயர்த்தி நிறுத்த ஒரு வெட்டு இருந்தாலும் அது எளிதில் உடையக்கூடியது. ஆகவே ஐந்து தோட்டாக்களை மட்டும் போட்டு, சுத்தியின் கீழ் வரும் அறையைக் காலியாக விடுவது அனுபவசாலிகளின் வழக்கமாயிற்று. 1876 ஜனவரியில் கான்சாஸ் மாநில விசிட்டா நகரில், அங்கே காவலராக இருந்த வயட் எர்ப் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய மேலங்கியைத் துளைத்துப் போனதை உள்ளூர்ப் பத்திரிகை பதிவு செய்தது. பிற்காலத்தில் துப்பாக்கி வீரத்தின் உருவமாகவே போற்றப்பட்டவருக்கு இது நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். ஆறாவது தோட்டாவைக் கைவிட்டவர்களைக் கோழைகள் என்று அக்காலத்தில் யாரும் சொல்லவில்லை. கருவியின் குறையை ஒரு பழக்கத்தால் ஈடுகட்டினார்கள், அவ்வளவுதான். அந்தக் குறை நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு போர்க்கப்பலின் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகே அந்நிறுவனம் சுத்தித் தடையைத் திருத்தி அமைத்தது. ருகர் நிறுவனம் 1973இல்தான் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் இடைத்தண்டு ஒன்றைப் பொருத்தி, விசையை முழுக்க இழுத்தால் மட்டுமே சுத்தியின் அடி ஊசிக்குப் போகும்படி செய்தது. பழைய ரிவால்வர்களையும் இலவசமாக மாற்றித் தர 1982இல் முன்வந்தது.

தானியங்கி பிஸ்டல் வந்தபோது கேள்வி வேறு வடிவம் எடுத்தது. ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்க ராணுவத்துக்காக 1910இல் செய்த மாதிரியில் கைப்பிடியை அழுத்தினால் மட்டும் விடுபடும் பாதுகாப்பு இருந்தது; கட்டைவிரலால் தள்ளும் நெம்பு இல்லை. குதிரைப்படையினர் அதைக் கேட்டு வாங்கினார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது. குதிரைவீரனின் ஒரு கை கடிவாளத்தில் இருக்கும். சுடுவதை நிறுத்திவிட்டு மிரளும் குதிரையை அடக்க வேண்டி வந்தால், சுத்தி பின்னேறி நிற்கும் பிஸ்டலை அவன் ஒரே கையால் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 1911 மார்ச்சில் ஏற்கப்பட்ட எம்1911 பிஸ்டலில் அந்த நெம்பு இடம்பெற்றது. சுத்தியை ஏற்றி, நெம்பைப் பூட்டி, அறையில் தோட்டாவோடு இடுப்பில் செருகிச் செல்லும் முறையைச் சாத்தியமாக்கியது இந்த ஏற்பாடே. ஆனால் அதே பிஸ்டலுக்கு ராணுவம் வகுத்த பொதுவிதி வேறாக இருந்தது: சண்டை நெருங்காத வேளையில் மேகசின் நிறைந்திருக்கட்டும், அறை காலியாக இருக்கட்டும். ஏற்றிப் பூட்டிச் செல்வது, உடனே சுட நேரும் என்று தெரிந்த தருணத்துக்கு உரியது. ‘ஏற்றிய அறைக்காகவே பிரௌனிங் வடிவமைத்தார்’ என்று இன்று அடிக்கடி சொல்லப்படும் வாதம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நெம்பு இருந்ததால் ஏற்றிச் செல்ல முடிந்தது என்பது உண்மை. நாள் முழுவதும் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று ராணுவம் கருதவில்லை என்பதும் உண்மை.

காலி அறைக்கு ஆதரவான மிக வலுவான வரலாற்றுச் சான்று ஷாங்காய் நகரிலிருந்து கிடைக்கிறது. அங்கிருந்த சர்வதேசக் குடியிருப்பின் நகராட்சிக் காவல்துறை, கடத்தலும் ஆயுதக் கொள்ளையும் மலிந்த தெருக்களில் இயங்கியது. அதன் பயிற்சியை வகுத்த வில்லியம் ஃபேர்பேர்னும் அவருடன் பணிபுரிந்த எரிக் சைக்ஸும் தங்கள் அனுபவத்தை 1942இல் ‘ஷூட்டிங் டு லிவ்’ என்ற நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த முடிவு இன்று வாசிப்பவரைத் திகைக்க வைக்கும். கோல்ட் பிஸ்டல்களின் கட்டைவிரல் நெம்பை இயங்காதபடி நிலையாகப் பொருத்திவிட்டார்கள். அறையைக் காலியாக வைக்கச் சொன்னார்கள். துப்பாக்கியை உருவும் அசைவோடு இடது கை ஸ்லைடை இழுக்க, இரண்டும் ஒரே வீச்சில் முடிய வேண்டும் என்று பழக்கினார்கள். சீனர், சீக்கியர், ஐரோப்பியர் என்று பல மொழி பேசுவோர் அடங்கிய படை அது. ஒவ்வொருவருக்கும் கிடைத்த பயிற்சி நேரமோ குறைவு. அப்படிப்பட்ட படையில் நெம்பு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற ஐயம் இருபுறமும் உயிரைப் பறிக்கும். பூட்டியதை மறந்தவர் சண்டையில் சாவார். திறந்ததை மறந்தவர் சக காவலரைச் சுடுவார். காலி அறையில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. எதிரிகளைக் கண்டிராத அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து எழுதிய விதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நூற்றுக்கணக்கான துப்பாக்கி மோதல்களைச் சந்தித்த ஒரு காவல்துறை, நேர இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்ட முறை இது. பிற்காலத்தில் பலவகைப் பிஸ்டல்களை ஒரே நேரத்தில் கையாள வேண்டியிருந்த இஸ்ரேலியப் படைகளும் இதே முறையைப் பயிற்றுவித்தன. இன்று இது அந்நாட்டின் பெயராலேயே அறியப்படுகிறது.

எதிர்த்திசைக் கருத்தின் முதன்மைக் குரல் ஜெஃப் கூப்பர். அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையின் முன்னாள் அதிகாரியான அவர், 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் பகுதியில் தொடங்கிய வேகச் சுடுதல் போட்டிகளிலிருந்து தன் முறையை உருவாக்கினார்; 1976இல் அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். பிஸ்டல் இருக்கும் நிலைகளுக்கு எண் கொடுத்துப் பகுத்தவரும் அவரே. அறையில் தோட்டா, ஏறிய சுத்தி, பூட்டிய நெம்பு என்ற முதல் நிலையை அவர் பரிந்துரைத்தார். அவருடைய சான்றுகள் நேர்மையானவை, மறுக்க முடியாதவை. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். போட்டிக் களத்தில் எல்லோருடைய உறையும் இடுப்பில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் கண்காணிப்பார். சுடுபவர் ஆயிரக்கணக்கான முறை உருவிப் பழகியிருப்பார். விநாடியின் பின்னங்களே அங்கே அளக்கப்பட்டன. மளிகைக் கடையில் குனியும்போதும், காரில் ஏறும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும் அந்தத் துப்பாக்கிக்கு என்ன ஆகும் என்பதை அளக்க எந்தப் போட்டியும் இல்லை.

இந்த இரண்டு மரபுகளுக்கும் இடையிலான வழக்கைத் தீர்த்துவைத்ததாகக் கருதப்படுவது குளோக் பிஸ்டல். வெளிநெம்பு இல்லாத இது 1982இல் ஆஸ்திரிய ராணுவத்தால் ஏற்கப்பட்டது. ஊசி பாதி மட்டுமே இழுபட்ட நிலையில் நிற்கும். கீழே போட்டாலும் முன்னே பாயாமல் உள்தடை அதைப் பிடித்துக்கொள்ளும். விசையின் நடுவிலுள்ள சிறு நாக்கை விரல் அழுத்தினால் மட்டுமே விசை நகரும். 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ ஊழியர் இருவர் இறந்தபின், அமெரிக்கக் காவல்துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுப் பிஸ்டலுக்கு மாறும் வேகம் கூடியது. குளோக் அந்த அலையில் நாடெங்கும் பரவியது. கீழே விழுந்து வெடிக்கும் பழைய ஆபத்து ஏறக்குறைய ஒழிந்தது. அதன் இடத்தில் இன்னொன்று வந்தது. பழைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் விசைக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையளவு நீண்ட இழுப்பு தேவைப்பட்டது; குளோக்குக்கு அதில் பாதி போதும். வாஷிங்டன் நகரக் காவல்துறையில் குளோக் வந்த பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தவறுதலான சூடுகள் நிகழ்ந்ததை 1998இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளிக்கொண்டுவந்தது. பயிற்சிக் குறைவே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது. நியூயார்க் காவல்துறை தன் பிஸ்டல்களுக்குக் கூடுதல் கனமுள்ள விசையைக் கேட்டு வாங்கியது. ஆக, துப்பாக்கிக்குள் இருந்த ஆபத்து துப்பாக்கிக்கு வெளியே வந்துவிட்டது என்பதைக் காவல்துறைகள் முன்பே கண்டுகொண்டன. விசையை மூடும் கடினமான உறையும், சுடும் முடிவு வரை விசைக்கு வெளியே நிற்கும் விரலும் இப்போது பிஸ்டலின் உறுப்புகளாகவே ஆகிவிட்டன.

இதே காலத்தில்தான் குடிமக்களின் உரிமைச் சட்டங்கள் விரிந்தன. தகுதியுள்ள யாருக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்ற சட்டத்தை ஃபுளோரிடா 1987இல் இயற்ற, மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. காவலரின் பிஸ்டல் கடையில் கிடைத்தது. காவலரின் உறையும் பயிற்சியும் அதோடு சேர்ந்து வரவில்லை. இதன் விளைவுக்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதியொன்றில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ், உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்த குளோக் நழுவியபோது தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி உட்பையோடு தயாரான கைப்பையை ஒரு தாய் கொண்டுசென்றிருந்தார். அவருடைய 2 வயதுக் குழந்தை அதற்குள் கைவிட்டு, பிஸ்டல் சுட்டதில் தாய் இறந்தார். அந்த வயதுக் குழந்தையால் ஸ்லைடை இழுத்து ஏற்ற முடியாது. அறை காலியாக இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இதற்கு எதிராக எழும் முதல் மறுப்பு கனமானது. தாக்குதல் நெருக்கத்தில், திடீரென்று வருகிறது. ஒரு கை காயப்பட்டிருக்கலாம், அல்லது குழந்தையைப் பிடித்திருக்கலாம். ஸ்லைடை இழுக்க இரண்டு கைகள் வேண்டும். சால்ட் லேக் நகரக் காவல் அதிகாரி டென்னிஸ் டுயெல்லர் 1983இல் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறத்தாழ 1.5 விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். அந்த நேரத்தில் இன்னொரு அசைவைச் சேர்ப்பது உயிரோடு சூதாடுவது என்கிறார்கள். இதை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் டுயெல்லர் கணக்கிட்டது, உறையிலிருந்து உருவத் தெரிந்த காவலரின் நேரத்தை. கைப்பையின் அடியிலிருந்து தேடி எடுப்பவருக்கு அந்த 1.5 விநாடி ஏற்கனவே போய்விட்டது; அறையில் தோட்டா இருப்பதால் அவருக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது, சுமக்கும் ஆபத்தோ நாள் முழுவதும் நீள்வது. ஸ்லைடை இழுக்காததால் மிச்சமாகும் நேரம் எவருக்கு உண்மையிலேயே பயன்படுமோ, அவரிடம் பெரும்பாலும் நல்ல உறையும் இருக்கும். ஷாங்காய் முறையையும் பழகாமல் செய்ய முடியாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். காலி அறையை வைத்துக்கொண்டு பழகாதிருப்பவர் தற்காப்பை எண்ணி ஆயுதம் சுமப்பதில் பொருள் இல்லை.

இரண்டாவது மறுப்பு, இன்றைய பிஸ்டல் விசையை இழுத்தாலன்றிச் சுடாது என்பது. பெரும்பாலான மாதிரிகளுக்கு இது பொருந்தும். எனினும் 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320 பிஸ்டலின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குடிமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுடுகிறது என்று தெரியவந்து, நிறுவனம் உறுப்புகளை மாற்றித்தர முன்வந்தது. விசையைத் தொடாமலேயே சுட்டதாகப் பல வழக்குகள் தொடர்ந்தன. நிறுவனம் அதை மறுத்துவருகிறது; ஆனாலும் 2024இல் ஜார்ஜியாவிலும் பென்சில்வேனியாவிலும் ஜூரிகள் அதற்கு எதிராக முடிவு சொன்னார்கள். வயட் எர்ப் காலத்து ஆபத்து 140 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு புதிய வடிவமைப்பில் திரும்பி வர முடிந்திருக்கிறது. ஆகவே விசை முழுதும் மூடிய கடின உறை, இடுப்பை விட்டு இறங்காத பிஸ்டல், விரலைப் பழக்கிய பயிற்சி, வடிவமைப்பின் நம்பகத்தன்மை ஆகிய நான்கும் இருந்தால் ஏற்றிய அறை நியாயமானது. ஒன்று குறைந்தாலும் காலி அறையே சரியான நிலை. பைக்குள் வைப்பவருக்கும், உறையில்லாமல் செருகுபவருக்கும் இதில் விலக்கு எதுவும் இருக்க முடியாது.

சட்டம் ஒருகாலத்தில் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. யூட்டா மாநிலச் சட்டத்தில், சுடுவதற்கு இரண்டு இயக்கங்கள் தேவைப்படும் பிஸ்டல் ‘ஏற்றிய’ துப்பாக்கி ஆகாது. ஸ்லைடை இழுப்பது ஒன்று, விசையை இழுப்பது மற்றொன்று. ஆகவே மேகசின் நிறைந்திருந்தாலும் அறை காலியென்றால் அது ஏற்றாத துப்பாக்கியாகவே கருதப்பட்டது. அனுமதி பெறாதவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்த ஒரு தோட்டாவைப் பொறுத்து அமைந்தது. 2021 மே மாதத்திலிருந்து 21 வயது நிறைந்தவர்கள் அனுமதியில்லாமலேயே ஏற்றிய துப்பாக்கியை அங்கே மறைத்து எடுத்துச் செல்லலாம். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கோடு பயனற்றுப்போனது. அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சஸும் அனுமதித் தேவையை நீக்கியது. அங்கே வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி உறைக்குள் இருந்தாக வேண்டும். ஆடைக்குள் மறைத்ததற்கு அந்த நிபந்தனை இல்லை. விசையில் துணியோ சாவியோ விரலோ சிக்குவதற்கு வாய்ப்பு மிகுந்த இடம் ஆடையின் உட்புறமே. பயிற்சி வகுப்பைத் திரும்பக் கட்டாயமாக்க அந்த மாநிலங்களில் அரசியல் விருப்பம் இல்லையென்றாலும், உறை நிபந்தனையை மறைத்துச் சுமப்பவருக்கும் நீட்டிக்க ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும்.