கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி
பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் ஏரிக்கு அருகில் அமைந்துள்ள இவ்வுறைவிடப் பள்ளி, 1901-இல் அமெரிக்க மிஷனரிகளால் தம் பிள்ளைகளுக்கென 'ஹைகிளர்க்' என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, காலப்போக்கில் இந்திய மாணவர்களையும் பிற நாட்டவரையும் சேர்த்துக்கொண்டு, 1970-களில் பன்னாட்டுப் பள்ளியாயிற்று. ஐ.பி. டிப்ளமா எனப்படும் ஈராண்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தை 1976-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றதே இதன் தலையாய சாதனை. ஆறு பாடங்களோடு, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையும் சமூகப் பணியும் அத்திட்டத்தில் கட்டாயமாதலால், வெறும் மனப்பாடம் அங்கே உதவாது. மலையேற்றமும் இப்பள்ளியின் நெடுநாள் மரபாகும்; பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் கூடும் பெருமாள்மலை ஊரின் காப்பித் தோட்டங்களுக்கு மேலே எழும் பெருமாள் சிகரம், மாணவர்கள் ஏறிவரும் சிகரங்களுள் ஒன்று.