உதயாதித்தனும் நாங்களும்: கற்பிட்டிக் கரையின் தனிமனித ஏடுகள்

இலங்கைத் தமிழ் இதழியல் என்றதும் 1841 சனவரி 7ஆம் திகதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன்காரர் 'உதயதாரகை'யைத் தொடங்கிய நாள் அது. அதே 1841இல் இன்னொரு தமிழ் ஏடும் பிறந்தது. 'உதயாதித்தன்' என்று பெயர், மாத இதழ். அதைத் தொடங்கியவருக்குப் பின்னால் மிஷனும் இல்லை, சங்கமும் இல்லை. தனி ஒரு மனிதர், அதுவும் எங்கட கற்பிட்டிக்காரர்: சைமன் காசிச்செட்டி. தாரகை நிலைத்து நின்றது. ஆதித்தன் சீக்கிரமே அஸ்தமித்துப் போனான். படிப்பில் காசிச்செட்டி யாருக்கும் குறைந்தவர் அல்லர். பிறகு ஏன் இப்படி ஆனது?

1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளத்து மணியகாரர், கற்பிட்டி முதலியார் என்று பதவிகள் வகித்தவர். 1834இல் கோட்டே சர்ச் மிஷன் அச்சகத்தில் அவருடைய 'சிலோன் கசற்றியர்' அச்சாகி வந்தபோது வயது 27தான். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகர வரிசையில் தொகுத்த ஆங்கில நூல் அது. 1838இல் சட்ட நிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறான 'தமிழ் புளூராக்' யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு மௌத்தானார்.

'அவர் கிறிஸ்தவராச்சே, நம்மட சஞ்சிகைக்கு அவர் எதுக்கு?' என்று வாசகர் கேட்கலாம். 1836இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இலங்கைச் சோனகரின் பழக்க வழக்கங்கள் பற்றியது. எழுதியவர் இதே காசிச்செட்டிதான். எங்கள் மூத்தோரின் கலியாணத்தையும் உடுப்பையும் நோன்பையும் பெருநாளையும் பற்றி நாங்கள் அச்சில் எழுதத் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். அவர் எழுதியது எல்லாம் சரிதானா என்பது வேறு விசயம். நம்மைப் பற்றி முதலில் எழுதிய சிலரில் நாங்கள் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஆதித்தன் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அந்தக் காலத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். அச்சு யந்திரம் அன்றைக்குச் சும்மா கிடைக்கிற சாமான் அல்ல. அமெரிக்க மிஷனே பட்ட பாட்டைப் பாருங்கள். 1820இல் ஜேம்ஸ் கரட் என்ற அச்சுத் தொழிலாளியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தார்கள். ஆளுநர் பார்ன்ஸ் அவரை நாட்டில் தங்க விடவில்லை. 1834இல் ஈஸ்ட்மன் மைனர் வந்த பிறகுதான் மானிப்பாய் அச்சகம் முழு வேகம் பிடித்தது. கடல் கடந்து காசு அனுப்ப ஆள் இருந்த மிஷனுக்கே 14 ஆண்டு காத்திருப்பு. ஆனால் தாரகை பிறந்தபோது அதற்கு அச்சகம் இருந்தது, மிஷன் பள்ளிக்கூடங்களில் வாசிக்கப் பழகிய பிள்ளைகள் இருந்தார்கள், ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். காசிச்செட்டிக்குக் காய்ச்சல் வந்தால் இதழுக்கும் காய்ச்சல்தான்.

அடுத்தது தபால். இலங்கையில் முதல் தபால் முத்திரை வந்தது 1857இல். ஆதித்தனுக்கு 16 வருசம் பிந்தி. புத்தளத்துக்கு ரயில் வந்தது 1926இல். கற்பிட்டியில் இருக்கிற ஒரு மனிதர் மாதா மாதம் ஓர் இதழை வாசகன் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றால் களப்பில் தோணியும் ஒல்லாந்தர் வாய்க்காலில் பாதையும்தான் வழி. அதில் உப்பு வரும், கருவாடு வரும், இடையில் இதழும் வரும். வந்தால் வந்ததுதான்.

புத்தகத்துக்கும் இதழுக்கும் உள்ள பேதத்தைக் காசு போட்டவனுக்குத்தான் தெரியும். புத்தகம் ஒரு தடவைச் செலவு. கடன்பட்டாவது அடித்துவிடலாம், விற்காவிட்டால் அலுமாரியில் கிடக்கும், பேர் நிற்கும். இதழ் அப்படி அல்ல. முதலாம் இதழுக்குக் கூட்டாளிமார் கை கொடுப்பார்கள். மூன்றாம் இதழுக்குச் சந்தா கேட்டுப் போனால், 'இன்னும் நடத்துறீங்களா?' என்பார்கள். காசிச்செட்டியின் புத்தகங்கள் இன்றைக்கும் மறுபதிப்பாகி நூலகங்களில் நிற்க, இதழின் பெயர் மட்டும் பட்டியல்களில் வந்து போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நம்மவர் கதை 41 ஆண்டு கழித்துத் தொடங்குகிறது. 1882 டிசம்பர் 21ஆம் திகதி கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வந்தது. அறிஞர் சித்திலெப்பையும் தனிமனிதர்தான். புரொக்டர் தொழில் பார்த்த காசைப் போட்டவர். ஆனால் காலம் மாறியிருந்தது. கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது. முத்திரை ஒட்டித் தபாலில் போட்டால் இதழ் ஊர் ஊராய்ப் போகும். அத்தோடு, அல்லாஹ்வின் நாட்டம், செய்தியே வாசலில் வந்து நின்றது. நேசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1883 சனவரியில் எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார். இலங்கை முஸ்லிம்கள் எகிப்தைப் பற்றி அறியத் துடித்த நேரத்தில் தமிழில் சொல்ல ஒரு முஸ்லிம் ஏடு கையில் இருந்தது. 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' நாவலும் எகிப்தில்தான் தொடங்குகிறது. வாசகன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. காசிச்செட்டிக்கு அப்படியொரு வாசகக் கூட்டம் வாய்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவருடைய ஆங்கில எழுத்துக்கு லண்டனில் ஆள் இருந்தது. தமிழ் எழுத்துக்கு ஆளை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது.

ஏடு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதம் வெறும் பெருமைப் பேச்சு அல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்தார். சட்ட நிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற பேச்சு நடந்த காலம் அது. மறு ஆண்டுதான் எம். சி. அப்துல் ரகுமான் நியமனமானார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு நூல் வெளிவந்தது 1907இல். 19 வருசம்! புத்தகம் ஆறுதலாக வரும். ஏடு வைத்திருப்பவன் மறு கிழமையே வாய் திறக்கலாம்.

இன்னொருவரையும் சொல்லத்தான் வேண்டும். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, சலூன் வைத்துப் பிழைத்தவர். அவரே எழுதி, அவரே அச்சுக்குக் கொடுத்து, அவரே கையில் கொண்டுபோய் விற்று, போரின் நடுவே கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். மிஷனும் இல்லை, புரொக்டர் வருமானமும் இல்லை. எப்படி நடந்தது என்றால், வாசகன் வீட்டுக் கதவை அவரே தட்டினார். என் பார்வையில் தலையங்கத்தைவிட அந்த நடைதான் மல்லிகையை வாழ வைத்தது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் புத்தளத்தில் ரோணியோ இதழ் ஒன்று நடத்தினோம். தமிழ்த் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்ட வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தால் சிவப்பு மருந்து பூசி, அது காயும் வரை ஊதிக்கொண்டு இருக்க வேண்டும். 'ழ'வும் 'ள'வும் எங்களிடம் பட்ட பாடு! 100 பிரதி எடுத்தால் கடைசி இருபதில் மை மங்கிவிடும். அந்த இருபதையும் சொந்தக்காரருக்கு வைப்போம், அவர்கள் எப்படியும் காசு தர மாட்டார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நின்று விற்போம். 'தம்பி, அடுத்த வெள்ளிக்குத் தாறன்' என்று வாங்கிப்போன காக்காமார் பலர். நாலு இதழ் வந்தது. ஐந்தாவதுக்குக் காகிதமும் வாங்கி வைத்தாயிற்று. அப்போதுதான் 1990 ஒக்டோபர் வந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கு முழுக்க இருந்து விரட்டப்பட்ட சனம் லொறியிலும் வள்ளத்திலும் புத்தளம், கற்பிட்டி என்று வந்து இறங்கியது. எங்கள் காகிதக் கட்டைப் பிரித்து முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதினோம். குடும்பத் தலைவர், வந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, கைக்குழந்தை எத்தனை. ஐந்தாம் இதழ் அதோடு நின்றது. அந்தக் காகிதம் அதைவிட நல்ல வேலைக்குப் போனதாகச் சொல்லவும் வராது, அந்தப் பட்டியலைவிட முக்கியமாக நாங்கள் எழுத வைத்திருந்தது ஏதும் இருந்ததாகவும் நினைவில்லை.

ஆனால் வந்தவர்களில் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். பெட்டியில் பழைய இதழும் கையெழுத்துப் பிரதியும் வைத்திருந்தவர்கள் வீட்டோடு அதையும் விட்டு வந்தார்கள். ஏடு நடத்துவதன் சிரமத்தைப் பேசும்போது நடத்தி முடித்த ஏட்டைக் காப்பாற்றுகிற சிரமத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. இலங்கையில் அச்சாகும் ஒவ்வொன்றின் பிரதியையும் அரசிடம் கையளிக்க வேண்டும் என்ற சட்டம் 1885இல் வந்தது. அதனால்தான் அதற்குப் பிந்திய ஏடுகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடிப் போக வழி இருக்கிறது. ஆதித்தன் அந்தச் சட்டத்துக்கு 44 வருசம் முந்தியவன். ரோணியோ இதழோ சட்டம் வந்த பிறகும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அச்சகம் அடித்தால்தானே அச்சகக்காரர் கொடுப்பார்?

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஏடுகளை மின்பிரதியாக்கி எவரும் பார்க்க வைத்திருக்கிறது. போன நோன்புக்கு முந்தி எங்கள் இதழ்களைத் தேடினேன். இரண்டாவதும் நாலாவதும் கிடைத்தன, மூலையைக் கறையான் அரித்த நிலையில். முதலாவது கற்பிட்டியில் ஒரு நானாவிடம் இருக்கிறதாம். வாங்கியபோது காசு தராதவர். இப்போது கொடுக்கவும் மாட்டேன் என்கிறார், வந்து படம் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்.